கலந்தவரின் பெயர்: ஓல்ட் ஃபேஷன்ட் காக்டெயிலை முன்வைத்து

உண்பொருளோ பருகுபொருளோ புகழ் பெற்றுவிட்டால் அதற்கு ஒரு பிறப்புக் கதை தேவைப்படுகிறது. கதையில் ஓர் ஊர் இருக்கும்; ஒரு மாளிகையோ மன்றமோ இருக்கும்; பெரிய மனிதர் ஒருவர் இருப்பார். அவர் மனம் மகிழும்படி யாரோ ஒருவர் அதைச் செய்து கொடுத்திருப்பார். அந்த யாரோ ஒருவருக்கு மட்டும் பெயர் இருக்காது. அமெரிக்க விஸ்கிக் கலவைகளுள் மிகப் பழையனவற்றில் ஒன்றான 'ஓல்ட் ஃபேஷன்ட்' பற்றி வழங்கும் கதை இந்த இலக்கணத்துக்கு முழுமையாகப் பொருந்துகிறது. அக்கதை உண்மையாக இருக்க முடியாது என்பதைக் காட்ட அச்சுச் சான்றுகள் உள்ளன. இருந்தும் அது தொடர்ந்து சொல்லப்படுகிறது. அதனால் யாருடைய பெயர் மறைகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இலக்கியம் பேசும் பக்கத்தில் மதுவுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். குடியைப் பரிந்துரைப்பது என் நோக்கம் அன்று. செய்முறைக் குறிப்பும் ஒரு பனுவல்தான் என்பது என் கட்சி. அதற்கும் படிகள் உண்டு, பாடபேதங்கள் உண்டு, இடைச்செருகல்கள் உண்டு, ஆசிரியர் யார் என்ற வழக்கும் உண்டு. சுவடிகளை ஒப்பிட்டுப் பழகிய கண்ணுக்கு இந்தக் கோப்பையின் வரலாறு அந்நியமாகத் தோன்றாது.

முதலில் பொருள் இன்னதென்று சொல்லிவிடலாம். ஒரு சர்க்கரைக் கட்டி, அதை நனைக்கச் சிறிது தண்ணீர், புட்டியை இரண்டு மூன்று முறை உதறினால் விழும் அளவுக்குப் பிட்டர்ஸ், ஒரு பங்கு விஸ்கி. இவற்றோடு பனிக்கட்டி, மணத்துக்கு எலுமிச்சையின் அல்லது ஆரஞ்சின் தோல். அவ்வளவுதான். பிட்டர்ஸ் என்பது வேர், பட்டை, மசாலைப் பொருள்களைச் சாராயத்தில் ஊறவைத்து எடுக்கும் கசப்புச் சாறு. இன்று பெரும்பாலும் பயன்படும் அங்கோஸ்டுரா பிட்டர்ஸ், வெனிசுவேலாவின் அங்கோஸ்டுரா நகரில் யோஹான் சீகெர்ட் என்னும் ஜெர்மன் மருத்துவர் 1824-இல் உருவாக்கிய மருந்து. அந்த நகரத்துக்கு இன்று சியுடாட் பொலிவார் என்று பெயர். பிட்டர்ஸ் தயாரிப்போ பின்னர் டிரினிடாட் தீவுக்குப் பெயர்ந்துவிட்டது.

இனி கதைக்கு வருவோம். கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் பென்டென்னிஸ் கிளப் என்று செல்வந்தர்களின் மன்றம் ஒன்று உண்டு. அங்கே மது கலந்து கொடுக்கும் பணியாளர் ஒருவர் இந்தக் கலவையைக் கண்டுபிடித்தாராம். மன்றத்தின் உறுப்பினரும் விஸ்கி ஆலை முதலாளியுமான கர்னல் ஜேம்ஸ் பெப்பர் அதை நியூயார்க்கின் வால்டார்ஃப் விடுதிக்குக் கொண்டுபோய் அறிமுகப்படுத்தினாராம். இச்செய்தி பரவக் காரணமானது, ஆல்பர்ட் ஸ்டீவன்ஸ் கிராக்கெட் 1931-இல் வெளியிட்ட, பழைய வால்டார்ஃப் மதுக்கூடத்தைப் பற்றிய நினைவு நூல். அமெரிக்காவில் மதுவிலக்கு நடப்பில் இருந்த காலம் அது. இழந்த பொற்காலத்தை எண்ணி ஏங்கியவர்கள் விரும்பிப் படித்த நூல். அதில் கர்னலுக்குப் பெயர் இருக்கிறது, மன்றத்துக்குப் பெயர் இருக்கிறது, விடுதிக்கும் இருக்கிறது. கண்டுபிடித்தவர் வெறும் 'ஒரு பார்டெண்டர்'.

கதையை முறிக்க ஓர் ஆண்டுக் கணக்கே போதும். பென்டென்னிஸ் கிளப் தோன்றியது 1881-இல். 'ஓல்ட் ஃபேஷன்ட்' காக்டெயில்கள் என்ற வழக்கு சிகாகோ டிரிப்யூன் நாளிதழில் 1880-இலேயே அச்சாகியிருக்கிறது. விளக்கம் எதுவும் தராமல், வாசகர் அறிந்த ஒன்றைக் குறிப்பதுபோல அச்சொல் அங்கே வருகிறது. பிள்ளை வெளியே விளையாடிக்கொண்டிருக்கும்போது பெற்றெடுத்த வீட்டுக்கு அடிக்கல்கூட நாட்டவில்லை.

இதற்கும் முந்திய சான்று 1806-ஆம் ஆண்டினுடையது. நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் என்னும் சிற்றூரிலிருந்து 'தி பேலன்ஸ்' என்ற இதழ் வெளிவந்தது. அதன் மே 6 இதழில் தேர்தலில் தோற்ற வேட்பாளர் ஒருவரின் வரவுசெலவுக் கணக்கு என்ற பெயரில் ஒரு கிண்டல் வெளியானது. வாக்காளர்களுக்கு ஊற்றிய ரம், ஜின் வகைகளெல்லாம் செலவுப் பட்டியலில். வரவுப் பக்கத்தில் ஒன்றுமில்லை. செலவில் இருபத்தைந்து 'காக்டெயில்'களும் இருந்தன. அப்படியென்றால் என்ன என்று வாசகர் ஒருவர் கேட்டு எழுத, ஆசிரியர் ஹாரி கிராஸ்வெல் மே 13 இதழில் விடை தந்தார். ஏதேனும் ஒரு சாராயம், சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் ஆகிய நான்கும் சேர்ந்ததே காக்டெயில் என்பது அவர் தந்த வரையறை. கூடவே எதிர்க்கட்சிக்கு ஒரு குத்தும் வைத்தார்: இதை ஒரு கோப்பை விழுங்கியவன் வேறு எதையும் விழுங்கத் தயாராகிவிடுவான், ஆகையால் அந்தக் கட்சி வேட்பாளருக்கு மிகவும் உதவும் என்றார். தேர்தலுக்கும் சாராயத்துக்கும் உள்ள உறவு நம் ஊரில் மட்டும் முளைத்ததன்று.

கிராஸ்வெல் சொன்ன நான்கு பொருள்களும் இன்றைய ஓல்ட் ஃபேஷன்ட் கோப்பையில் அப்படியே இருக்கின்றன. 1806-இல் 'காக்டெயில்' என்ற பொதுப் பெயரால் வழங்கிய பானம்தான் எண்பதுகளில் 'பழைய பாணிக் காக்டெயில்' ஆயிற்று. இடையில் நடந்தது என்ன?

ஜெரி தாமஸ் 1862-இல் வெளியிட்ட கையேட்டில் விஸ்கி காக்டெயில் இருக்கிறது. சர்க்கரைப் பாகு, பிட்டர்ஸ், விஸ்கி, எலுமிச்சைத் தோல்; பொடித்த பனிக்கட்டியோடு குலுக்கி வடித்துத் தர வேண்டும். அந்நூலின் 1876-ஆம் ஆண்டுப் பதிப்பில் 'மேம்படுத்திய' காக்டெயில்கள் இடம்பெறுகின்றன. மராஸ்கினோ என்னும் செர்ரி மதுவும் அப்சிந்தும் கோப்பைக்குள் நுழைகின்றன. வெர்மூத் கலந்த மன்ஹாட்டன் போன்றவையும் அக்காலத்தில் பரவின. இந்த மேம்பாடு எல்லோருக்கும் பிடிக்கவில்லை. பழைய பாணியிலேயே கொடு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் கேட்பே நாளடைவில் பெயராகிவிட்டது. பண்ணைக் கோழி வரும்வரை நம் வீட்டுக் கோழிக்கு 'நாட்டுக்கோழி' என்று பெயர் இல்லை. அது வெறும் கோழி. ஓல்ட் ஃபேஷன்ட் என்னும் பெயரும் இவ்வாறு வந்ததே. யாரும் ஒரு நாளில் உட்கார்ந்து கண்டுபிடித்த பொருளாக இருந்திருந்தால் அதற்குப் 'பழைய' என்ற அடைமொழி வந்திருக்காது. தோற்றக் கதையை மறுப்பதற்கு இந்தப் பெயரே முதற்சான்று என்பேன்.

பெயரோடு கூடிய செய்முறை 1888-இல் சிகாகோவில் தியடோர் புரூ வெளியிட்ட கையேட்டில் கிடைக்கிறது. நியூயார்க்கின் ஹாலண்ட் ஹவுஸ் விடுதியில் தலைமைக் கலப்பாளராக இருந்த ஜார்ஜ் காப்ளர் 1895-இல் தந்த குறிப்பு இன்னும் தெளிவானது. விஸ்கிக் கோப்பையிலேயே சிறு சர்க்கரைக் கட்டியைச் சிறிது தண்ணீரில் கரைக்க வேண்டும், அங்கோஸ்டுரா இரண்டு உதறல், ஒரு சிறு பனித்துண்டு, எலுமிச்சைத் தோல், ஒரு ஜிக்கர் விஸ்கி. சிறு கரண்டியால் கலக்கி, அக்கரண்டியைக் கோப்பையிலேயே விட்டுத் தர வேண்டும். குலுக்குவதும் வடிப்பதும் போய்விட்டன. பருகும் கோப்பையிலேயே கலக்கும் இந்த முறைதான் இன்றும் வழக்கில் இருக்கிறது.

புரூ, காப்ளர் ஆகிய இருவரும் தம் கையால் கலந்து, தாம் கலந்ததை எழுதியும் வைத்தவர்கள். ஓல்ட் ஃபேஷன்டைப் பருகும் ஆயிரம் பேரில் எத்தனை பேர் இவர்களை அறிவார்கள்? கர்னல் பெப்பரை அறிந்தவர்கள் அதைவிட மிகுதி. பெப்பர் விஸ்கி ஆலை முதலாளி. தம் சரக்கின் புகழைப் பரப்புவது அவர் தொழில். அவர் பெயர் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. பின்வந்தவர்கள் அதையே வரலாறு என்று ஏற்றுக்கொண்டதுதான் எனக்கு உறுத்துகிறது.

நம் சங்க நூல்களைத் தொகுத்தோர் செய்ததை இங்கே நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. பாடல் கிடைத்தது, பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. அப்போது பாடலில் வரும் ஓர் அரிய தொடரைக் கொண்டே அவருக்குப் பெயர் வைத்தார்கள். செம்புலப்பெயனீரார் அப்படிப் பெயர் பெற்றவர். பெயர் தெரியாத நிலையிலும் படைப்பு படைத்தவருக்கே உரியது என்ற மதிப்பு அச்செயலில் இருக்கிறது. பாடலைக் கேட்ட அரசன் பெயரையோ ஏட்டை வைத்திருந்த செல்வர் பெயரையோ அவர்கள் ஆசிரியர் பெயராக எழுதிவிடவில்லை. கென்டக்கிக் கதை அதற்கு நேர் எதிரான வழியில் போயிற்று. செய்த கையை விட்டுவிட்டு, வாங்கிய கைக்குப் பெயர் சூட்டியது.

இதில் இன்னும் கசப்பான பகுதி ஒன்று உண்டு. பென்டென்னிஸ் கிளப்பில் உண்மையிலேயே பணிபுரிந்து, பின்னர் நூலும் எழுதிய ஒருவரை வரலாறு அறியும். அவர் பெயர் டாம் புல்லக். 1872-இல் லூயிவில்லில் பிறந்த ஆப்பிரிக்க அமெரிக்கர். பின்னாளில் செயின்ட் லூயிஸ் நகரின் கன்ட்ரி கிளப்பில் மது கலந்தார். முன்னாள் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் 1913-இல் ஓர் அவதூறு வழக்கில் சாட்சி சொன்னபோது, அந்த மன்றத்தில் புதினா ஜூலெப் ஒன்றில் சிறிதளவே பருகியதாகக் கூறினார். டாம் கலந்த ஜூலெப்பை முழுவதும் பருகாமல் ஒருவர் வைத்துவிட முடியுமா என்று செயின்ட் லூயிஸ் போஸ்ட் டிஸ்பேட்ச் நாளிதழ் தலையங்கத்திலேயே கேலி செய்தது. கைத்திறனுக்குக் கிடைத்த இதைவிடப் பெரிய சான்றிதழை நான் அறியேன்.

டாம் புல்லக் 1917-இல் 'தி ஐடியல் பார்டெண்டர்' என்ற நூலை வெளியிட்டார். ஆப்பிரிக்க அமெரிக்கர் எழுதி வெளிவந்த முதல் காக்டெயில் நூல் என அதைக் கருதுகிறார்கள். அதற்கு முன்னுரை தந்தவர் ஜார்ஜ் ஹெர்பர்ட் வாக்கர் என்னும் செல்வந்தர். பிற்காலத்தில் குடியரசுத் தலைவர்களான புஷ் இருவருக்கும் முன்னோர். அந்நூலில் ஓல்ட் ஃபேஷன்ட் செய்முறையும் இருக்கிறது: பனிக்கட்டி ஒன்று, அங்கோஸ்டுரா இரண்டு உதறல், தண்ணீரில் கரைத்த சர்க்கரைக் கட்டி, ஒன்றரை ஜிக்கர் போர்பன் விஸ்கி. எலுமிச்சைத் தோலைக் கோப்பைக்கு மேலே முறுக்கி உள்ளே போட்டு, நன்றாகக் கலக்கித் தர வேண்டும். நூல் வந்து மூன்றாண்டுகள் நிறைவதற்குள், 1920 ஜனவரியில், நாடு முழுவதும் மதுவிலக்கு வந்தது. அவர் தொழில் சட்டவிரோதமாயிற்று. நூல் நெடுங்காலம் மறக்கப்பட்டது.

டாம் புல்லக்தான் ஓல்ட் ஃபேஷன்டைக் கண்டுபிடித்தவர் என்று நான் சொல்ல வரவில்லை. 1880-இல் அவர் எட்டு வயதுச் சிறுவர். ஒரு பொய்த் தந்தையை இறக்கிவிட்டு இன்னொருவரை அந்த நாற்காலியில் ஏற்றுவது ஆய்வு ஆகாது. நான் சொல்வது வேறு. பென்டென்னிஸ் கிளப்பையும் ஓல்ட் ஃபேஷன்டையும் இணைத்துப் பேச விரும்புகிறவர்களுக்குச் சான்றோடு கூடிய ஒரு பெயர் இருக்கிறது. அம்மன்றத்தில் வேலை பார்த்தவர். அக்கலவையை எழுதி வைத்தவர். அவரை விட்டுவிட்டுச் சான்றில்லாத கர்னல் கதையைச் சொல்வது தற்செயல் அன்று. யார் படைப்பாளியாக இருக்கத் தகுதியுடையவர் என்று ஒரு சமூகம் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் பட்டியலிலிருந்து வருவது அது. டென்னஸியில் ஜாக் டேனியலுக்கு வடித்தல் தொழிலைக் கற்பித்தவர், அடிமையாக வைக்கப்பட்டிருந்த நேத்தன் 'நியரஸ்ட்' கிரீன். அந்நிறுவனம் இதை உரக்கச் சொல்லத் தொடங்கியது 2016-இல்தான்.

செய்முறையின் பிற்கால வரலாற்றுக்கு வருவோம். மதுவிலக்கு 1933-இல் நீங்கியது. அதன்பின் ஆரஞ்சுத் துண்டையும் செர்ரிப் பழத்தையும் சர்க்கரையோடு சேர்த்துக் கோப்பையில் நசுக்கும் வழக்கம் வலுப்பெற்றது. நியூயார்க் டைம்ஸ் இதழுக்கு 1936-இல் ஒரு பழைய கை கடிதம் எழுதிப் புலம்பினார். முன்பெல்லாம் சர்க்கரையைப் பிட்டர்ஸில் நனைத்து, பனிக்கட்டி போட்டு, கரண்டி செருகி, விஸ்கிப் புட்டியையே வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுவார்கள். வேண்டிய அளவு அவரே ஊற்றிக்கொள்வார். இப்போதோ கோப்பையில் பழக்கடை வைக்கிறார்கள் என்பது அவர் குறை. விஸ்கான்சின் மாநிலத்தார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அங்கே ஓல்ட் ஃபேஷன்ட் என்று கேட்டால் பெரும்பாலும் பிராந்தியில்தான் வரும். பழத்தை நசுக்கி, மேலே சோடா ஊற்றித் தருவார்கள். 'இனிப்பு' என்று கேட்டால் எலுமிச்சைச் சுவையுள்ள இனிப்புச் சோடா. 'புளிப்பு' என்று கேட்டால் புளிப்புச் சோடா.

இவற்றையெல்லாம் இடைச்செருகல் என்று ஒதுக்கும் தூய்மைவாதிகள் பலர். அவர்களோடு என்னால் முழுதும் உடன்பட முடியவில்லை. மூலபாடம் 1806-இனுடையது என்றால் அதில் விஸ்கியே குறிப்பிடப்படவில்லை. ஏதேனும் ஒரு சாராயம் என்றுதான் இருக்கிறது. அந்தக் கணக்கில் விஸ்கான்சின் பிராந்திக்காரர் விதியை மீறவே இல்லை. மூலத்தில் பனிக்கட்டியும் இல்லை. பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர் குளத்துப் பனியை வெட்டி முதன்முதலாக மார்ட்டினிக் தீவுக்குக் கப்பல் ஏற்றியது அதே 1806-இல்தான். அந்த வணிகம் பெருகிய பிறகே பனிக்கட்டி மதுக்கூடங்களின் அன்றாடப் பொருளாயிற்று. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் ஐஸ் ஹவுஸ், டியூடர் அனுப்பிய பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் எழுந்த கட்டடம். தூய்மைவாதியின் கோப்பையில் இன்று மிதக்கும் பெரிய பனிச்சதுரம், மூலத்தின் கண்ணோடு பார்த்தால், முதல் இடைச்செருகல்.

இன்று பரவலாக ஏற்கப்படும் செய்முறையையும் தருகிறேன். அடி கனத்த குட்டைக் கோப்பையில் சர்க்கரைக் கட்டி ஒன்றை இட்டு, அங்கோஸ்டுரா இரண்டு மூன்று உதறலால் நனைத்து, ஒரு சிறு கரண்டி தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். சர்க்கரை சாராயத்தில் எளிதில் கரையாது. ஆகவே தண்ணீரை முதலில் விடுகிறார்கள். பிறகு போர்பன் அல்லது ரை விஸ்கி 45 முதல் 60 மில்லி. போர்பன் என்றால் தானியக் கலவையில் 51 விழுக்காடேனும் சோளமாக இருந்து, உள்ளே கருக்கிய புதிய ஓக் பீப்பாயில் முதிர்ந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அது சற்று இனிக்கும். ரை தானியம் 51 விழுக்காடுள்ள விஸ்கி காரமாக இருக்கும். பனிக்கட்டி பெரியதாக இருப்பது நல்லது. ஒரே எடையுள்ள சிறு துண்டுகளைவிட அதற்கு மேற்பரப்பு குறைவு. ஆகவே மெல்ல உருகும், பானம் விரைவில் நீர்த்துப்போகாது. கடைசியில் ஆரஞ்சுத் தோலைப் பிழிந்தால் அதன் எண்ணெய் மேலே படரும். மணம் அதிலிருந்து வருவது.

2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு பழைய கையேடுகளைத் தேடிப் படித்த இளம் கலப்பாளர்கள் இந்தப் பழமில்லாப் பாடத்தை மீட்டெடுத்தார்கள். 2007-இல் தொடங்கிய 'மேட் மென்' தொலைக்காட்சித் தொடரின் நாயகன் அதை வீடுவீடாகக் கொண்டுசென்றான். அதே 2007-இல் நியூயார்க்கில் ஃபில் வார்ட் என்பவர் விஸ்கியை நீக்கி, மெக்சிகோவின் டெக்கீலாவும் மெஸ்கலும் கொண்டு 'வஹாக்கா ஓல்ட் ஃபேஷன்ட்' செய்தார். மீட்டெடுத்த வேகத்திலேயே மாற்றினார்கள். மரபு உயிரோடு இருப்பதற்கு அதுவே அடையாளம். வஹாக்கா ஓல்ட் ஃபேஷன்டைப் பற்றி எழுதுகிறவர்கள் ஃபில் வார்டின் பெயரையும் சேர்த்தே எழுதுகிறார்கள் என்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் கலந்தவர்களுக்குக் கிடைக்காத நியாயம் அது.

லூயிவில் நகரம் 2015-இல் ஓல்ட் ஃபேஷன்டைத் தன் அதிகாரப்பூர்வக் காக்டெயிலாக அறிவித்துக்கொண்டது. தாராளமாக அறிவித்துக்கொள்ளட்டும். போர்பன் நாட்டின் தலைவாயிலுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அதன் வரலாற்றைச் சொல்லும்போது கர்னலின் கதையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. இந்தப் பானத்தை யாரும் கண்டுபிடிக்கவில்லை, பலர் கலந்தார்கள், சிலர் எழுதி வைத்தார்கள், எழுதியவர்களுள் ஒருவர் இந்த ஊரில் பிறந்து இந்த மன்றத்தில் வேலை செய்த கறுப்பினத்தவர் என்று சொல்ல வேண்டும். கதை சற்று நீளும், அழகு குறையாது. செய்முறைகளைத் தொகுப்போரும் உணவு வரலாறு எழுதுவோரும் எந்த மொழியில் எழுதினாலும், யார் உண்டார் என்று கேட்பதற்கு முன் யார் செய்தார் என்று ஒருமுறை கேட்டுவிட்டு எழுதினால் நல்லது.